மறைப்பதா, முன்கூட்டிச் சொல்வதா, எதிராளியை அழைப்பதா?

இன்குபேட்டரிலிருந்து பெட்ரி தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, அளவுகோலோடு உட்காரும் நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. இலைச்சாறு ஊறிய சிறு காகித வில்லை. அதைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வளையம். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். ஆனால் வளையத்தின் விளிம்பு காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருப்பதில்லை. மெல்ல மங்கி எங்கோ முடிகிறது. 13 என்றும் சொல்லலாம், 14 என்றும் சொல்லலாம். இந்த வில்லையில் இருப்பது நம் மூலிகைச் சாறு என்று தெரிந்தால் பேனா 14 என்று எழுதுகிறது. பக்கத்து வில்லையில் வெறும் கரைப்பான்தான் என்று தெரிந்தால், அங்கே தெரியும் லேசான மங்கல் ‘வளையம் இல்லை’ என்று பதிவாகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். நாம் ஏற்கெனவே நம்புவதற்கு ஆதரவானதைத் தேடுவது, ஆதரவாகவே படிப்பது, எதிரானதைச் சுலபமாக மறந்துவிடுவது. இதற்கு எதிரான தற்காப்புகள் பல உண்டு. எல்லாவற்றையும் செய்ய எவருக்கும் நேரம் இருக்காது. சில மாதங்கள், ஒரு நெறியாளர், சொற்ப உதவித்தொகை என்ற நிலையில் இருக்கும் முனைவர் பட்ட மாணவி ஒருவர், இவற்றில் ஒன்றை மட்டும் முதலில் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? இந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஒப்பீடு. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சிறிய ஆய்வகங்களுக்கு, எது எந்த மாதிரி என்ற பெயரை அளப்பவரிடமிருந்து மறைப்பதுதான் முதல் வேலை. ஆய்வுத் திட்டத்தைத் தரவு வருமுன்பே பதிந்துவைக்கும் முன்பதிவு இரண்டாவது. எதிராளியை, அதாவது மாற்றுக் கருத்துள்ளவரை, அழைப்பது உயர்ந்த முறை, ஆனால் அதற்கான இடம் வேறு.

அதற்கு முன், கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை.

1903-இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாந்த்லோ என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஊரின் முதலெழுத்தை வைத்து அதற்கு என்-கதிர் என்று பெயரிட்டார். அவர் சாதாரண ஆளில்லை. மதிப்புமிக்க அளவியல் வேலைகளைச் செய்தவர். இருட்டறையில் ஒரு மெல்லிய தீப்பொறியோ ஒளிரும் திரையோ சற்றுப் பிரகாசமாவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அந்தக் கதிரின் அடையாளம். அடுத்த சில மாதங்களில் பலரும் அதைப் ‘பார்த்தார்கள்’. நான்சியின் மருத்துவப் பேராசிரியர் ஒகுஸ்தாங் ஷார்பாந்தியே, மனிதனின் நரம்பிலிருந்தும் தசையிலிருந்தும் அந்தக் கதிர் வெளிவருவதாகவே எழுதினார். பிற நாடுகளில் தேர்ந்த கைகளுக்கு எதுவும் தெரியவில்லை.

1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் போய்ப் பார்த்தார். அலுமினிய முப்பட்டகத்தின் வழியே கதிரைச் செலுத்தி, அது விழும் இடங்களை பிளாந்த்லோ மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். இருட்டில் யாருக்கும் தெரியாமல் வுட் அந்த முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். வாசிப்புகள் மாறவில்லை. அந்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில் வுட்டின் கடிதம் வந்தது. பிரான்சுக்கு வெளியே என்-கதிரின் கதை அத்தோடு முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பிளாந்த்லோவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கவனக்குறைவானவர் அல்லர்; மிகவும் கவனமாக, இல்லாத ஒன்றை அளந்தார். ‘இனி பாரபட்சமின்றிப் பார்ப்பேன்’ என்ற உறுதிமொழியால் அவருக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்காது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் முப்பட்டகம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாத ஓர் ஏற்பாடு. ஆகவே ‘கவனமாக இருப்பேன்’ என்ற முதல் தெரிவை இங்கேயே கழித்துவிடலாம்.

நம்மிடம் இந்தச் சார்பு இருக்கிறதா என்று அறிய, மனதைத் துழாவுவதைவிட நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது நல்லது. எந்தச் சோதனையை மறுபடி செய்தோம்? எந்தத் தட்டைக் ‘கலப்படம்’ என்று ஒதுக்கினோம்? 1913-இல் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு ஒரு மதிப்பை வெளியிட்டார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுப் பிழையானது. அதனால் அவர் விடை இன்றைய மதிப்பைவிட ஏறத்தாழ 0.6 சதவீதம் குறைந்தது. அதற்குப் பின் அளந்தவர்கள் ஒரே தாவலில் சரியான மதிப்புக்கு வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் சொன்னார். மில்லிகனின் எண்ணிலிருந்து மிகவும் தள்ளி வந்தால் எங்கே தவறு என்று தேடினார்களாம். அருகில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லையாம்.

பிடிக்காத முடிவுக்கு மட்டும் இரண்டாவது சோதனை வைக்கும் இந்த வழக்கத்தைத்தான் நோட்டில் தேட வேண்டும். மறுபடி செய்த சோதனைகள் எல்லாம் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தவையாகவே இருந்தால், வேறு சான்று தேவையில்லை.

பெயரை மறைத்து அளப்பது

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குக் கனடாவில் நடந்த ஒரு மருத்துவச் சோதனை இந்த முறைக்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி. நோயாளிகளை இரண்டு விதமான நரம்பியல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று ஒரு சாராருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நோயாளிகள் அதே நோயாளிகள், மதிப்பெண் போடும் அளவுகோலும் அதே அளவுகோல். தெரிந்தவர்கள் போட்ட மதிப்பெண்களின்படி, பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை 6, 12, 24 மாதங்களில் பலன் தந்தது. தெரியாதவர்களின் மதிப்பெண்களில் பலன் எதுவும் இல்லை. 1994-இல் வெளிவந்த இந்த ஒப்பீட்டை வாசித்தபின், ‘அனுபவமுள்ள கண்’ என்ற சொல்லை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன்.

இது ஒற்றைச் சம்பவமும் இல்லை. மறைத்து மதிப்பிட்டவர்களும் மறைக்காமல் மதிப்பிட்டவர்களும் ஒரே சோதனைக்குள் இருந்த 21 மருத்துவச் சோதனைகளை 2012-இல் ஒருசேர ஆராய்ந்தார்கள். மறைக்காதவர்களின் கணக்கில் சிகிச்சையின் பலன், வாய்ப்பு விகிதம் (odds ratio) என்ற புள்ளியியல் அளவில், சராசரியாக 36 சதவீதம் மிகையாக இருந்தது.

செலவு? நம் பெட்ரி தட்டுக்கு வருவோம். வில்லைகளை வைப்பவர் ஒருவர், அளப்பவர் இன்னொருவர். தட்டின் அடியில் சாற்றின் பெயருக்குப் பதில் எண். எந்த எண் எது என்ற பட்டியல் ஓர் உறையில், துறை அலுவலகத்தில். பக்கத்து மேசைத் தோழி ஒருவரின் அரை மணி நேரம் போதும். நான் பார்த்தவரை இதைச் செய்யாததற்குச் சொல்லப்படும் காரணம் பணமோ நேரமோ அல்ல, ‘என்னை நம்பவில்லையா?’ என்ற கேள்விதான். நெறியாளரே அளக்கும் இடங்களில் மாணவி இதை எப்படிக் கேட்பது என்பது தனிச் சிக்கல். என்-கதிர் கதையை வாராந்திரக் கருத்தரங்கில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கேட்டால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

சொல்வதுபோல எல்லா இடத்திலும் இது எளிதாக அமைவதில்லை. இலைச்சாறு ஊறிய வில்லை பச்சையும் பழுப்புமாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கரைப்பான் வில்லை வெள்ளையாகவே இருக்கும். எண் ஒட்டினால் மட்டும் மறைந்துவிடாது. தட்டுகளை ஒரே உயரத்திலிருந்து படமெடுத்து, படத்தில் வில்லையின்மேல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கறுப்பு வட்டத்தை வைத்துவிட்டு, பிறகு அளக்கக் கொடுக்கலாம். சாற்றின் நிறம் தட்டிலுள்ள அகர் கூழ்வரை கசிந்து பரவியிருந்தால் அதுவும் உதவாது. அப்போது படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் முழுத் தீர்வில்லை.

கண்ணால் அளக்காத துறைகளிலும் மறைப்பு உண்டு, அங்கே அது இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் துகளின் காந்தத்தன்மையை அளந்தவர்கள், இறுதி விடையைக் கணக்கிடத் தேவையான தங்கள் கடிகாரத்தின் அதிர்வெண்ணையே தங்களிடமிருந்து மறைத்துக்கொண்டார்கள். சோதனைக் குழுவுக்கு வெளியே இருந்த இருவருக்கு மட்டுமே சரியான எண் தெரியும். ஆண்டுக்கணக்கான பகுப்பாய்வெல்லாம் முடிந்த பிறகு, 2021 பிப்ரவரியில் உறையைத் திறந்தார்கள். விடை எதிர்பார்த்த பக்கம் போகிறதா என்று நடுவில் எட்டிப் பார்க்க வழியே இல்லை.

ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழு வேறொரு வகையில் தன்னையே சோதித்தது. ஒருசிலர் மட்டும் அறிய, பொய்யான சமிக்ஞைகளைக் கருவிக்குள் செலுத்தும் ஏற்பாடு அங்கே இருந்தது. 2010 செப்டம்பரில் அழகான சமிக்ஞை ஒன்று வந்தது. ‘பெரிய நாய்’ என்று அதற்குச் செல்லப்பெயர்கூட வைத்தார்கள். மாதக்கணக்கில் அலசி, ஆய்வுக் கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்க்கேடியா நகரில் நடந்த கூட்டத்தில் உறை திறக்கப்பட்டது. நாய் பொய் நாய்.

மறைப்பால் முடியாததையும் சொல்ல வேண்டும். உறையைத் திறந்த பிறகு, ஐந்து பாக்டீரியாக்களில் நன்றாக வந்த இரண்டை மட்டும் கட்டுரையில் எழுதினால் மறைப்பு அதைத் தடுக்காது. அதற்குத்தான் அடுத்த தெரிவு.

முன்கூட்டிப் பதிந்துவைப்பது

முன்பதிவு என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பதிவு செய்வது கேள்வியை: எதை அளக்கப்போகிறேன், எத்தனை முறை, எந்தக் கணக்கைப் போட்டு எதை வெற்றி என்பேன் என்று, தரவு வருவதற்கு முன்பே தேதியோடு ஒரு பொதுத் தளத்தில் எழுதிவைப்பது. பிறகு முடிவைப் பார்த்துவிட்டு ‘நான் முதலிலிருந்தே இதைத்தான் தேடினேன்’ என்று சொல்ல முடியாது.

இதன் பலத்தைக் காட்ட ஒரு கணக்கை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்த பெரிய மருத்துவச் சோதனைகளில், 2000-க்கு முன் வெளியான 30-இல் 17 பலன் கண்டன. அதன் பிறகு வெளியான 25-இல் இரண்டே இரண்டு. முதன்மை விளைவு எது என்று சோதனைக்கு முன்பே பதிவுசெய்யும் வழக்கம் வந்ததை இதற்கு முக்கியக் காரணமாக 2015-இல் அந்த ஆய்வை எழுதியவர்கள் கருதினார்கள். எனக்கு இந்த எண்கள் பிடிக்கும். பிடிப்பதாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இது முன்–பின் ஒப்பீடு மட்டும்தான். அந்த ஆண்டுகளில் வேறு பலவும் மாறியிருக்கலாம். எளிதில் கிடைக்கக்கூடிய மருந்துகள் ஏற்கெனவே கிடைத்துவிட்டிருக்கலாம்.

உளவியலில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. 2013-இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் தொடங்கிவைத்தது. திட்டத்தையே ஆய்விதழுக்கு அனுப்பி, மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொண்டால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக இதழ் வாக்களிக்கிறது. 2021-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் கருதுகோள் சரியென்றே சொல்லின. இந்த முறையில் வந்தவற்றில் 44 சதவீதம்தான் அப்படிச் சொல்லின. துணிச்சலான கருதுகோள்களோடு வருபவர்கள்தான் இந்த முறையை நாடுகிறார்களோ என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. இருந்தாலும் 96 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 96 முறை நம் ஊகம் சரியாகும் துறையில் ஆய்வு எதற்கு?

மனிதர்கள்மீது நடத்தும் மருத்துவச் சோதனை என்றால் இது தெரிவே இல்லை, கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயமானது. 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். சோதனை முடிந்தபின் பதிவுசெய்வது பயணம் முடிந்தபின் டிக்கெட் எடுப்பதுதானே.

பெட்ரி தட்டுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இலவசத் தளங்கள் இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதில் இரண்டு பக்கம் எழுதிப் பதிவேற்றிவிடலாம். ஆனால் மூன்று தடைகளைப் பார்க்கிறேன். முதலாவது, திட்டத்தை மழுப்பலாக எழுதினால் பதிவு வெறும் சடங்காகிவிடும். ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் ஆராயப்படும்’ என்ற வரி எதையும் தடுக்காது. எந்த பாக்டீரியா, என்ன செறிவு, எத்தனை தட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். அடுத்து, இதழிடம் திட்டத்தை அனுப்பி ஒப்புதல் பெறும் வடிவத்துக்கு மாதங்கள் ஆகும். உதவித்தொகை முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதுதான் இந்த ஒப்பீட்டில் முக்கியம்: எவ்வளவு கச்சிதமாகப் பதிந்திருந்தாலும் 13-ஐ 14 ஆகப் பார்க்கும் கண்ணை அது திருத்துவதில்லை. தவறான எண்ணுக்கு ஒழுங்கான கணக்கைப் போட்டிருப்போம், அவ்வளவுதான்.

முன்பதிவு புதிய கண்டுபிடிப்புகளைக் கொன்றுவிடும் என்ற புகாரில் எனக்கு நம்பிக்கையில்லை. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்ததும் அதைச் சுற்றி வளையம் தோன்றியதும் எந்தத் திட்டத்திலும் இல்லாதவை. திட்டத்தில் இல்லாததைப் பார்க்க எவரும் தடை சொல்லவில்லை. பார்த்ததை, ‘இது திட்டத்தில் இல்லாதது, தற்செயலாகக் கண்டது’ என்று எழுதச் சொல்கிறார்கள்.

எதிராளியை அழைப்பது

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அமெரிக்கப் புவியியலாளர் தாமஸ் சேம்பர்லின் 1890-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுவேதான்: ஆய்வாளன் தன் விளக்கத்தின்மீது பெற்றோரின் பாசத்தை வைத்துவிடுகிறான். அவர் சொன்ன மருந்து, ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் பல கருதுகோள்களை ஒரே நேரத்தில் பெற்று வளர்ப்பது. பாசம் பங்கு பிரிந்துபோகும்.

இதன் முழு வடிவம், நமக்கு எதிரான கருத்துள்ளவரோடு சேர்ந்தே ஆய்வு செய்வது. உளவியலாளர் டேனியல் கானமன் இதை விடாப்பிடியாக வலியுறுத்தியவர். 2010-இல் அவரும் ஆங்கஸ் டீட்டனும், ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று எழுதினார்கள். 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் வேறு தரவுகளோடு வந்து, கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பத்திரிகைகளில் மோதிக்கொள்வதற்குப் பதில், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு ஒரே தரவைச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2023-இல் வந்த விடை இருவரையும் திருத்தியது: பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி கூடிக்கொண்டே போகிறது, மிகவும் மகிழ்ச்சி குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் அளவில் நின்றுவிடுகிறது. கானமன் 2010-இல் பயன்படுத்திய கேள்விகள் துயரத்தைத்தான் நன்றாகப் பிரித்துக் காட்டின, மகிழ்ச்சியை அல்ல என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. மறைப்போ முன்பதிவோ இந்தப் பிழையைப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. கேள்வியே சற்றுக் கோணலாக இருந்தால், வெளியிலிருந்து வரும் கண்தான் பார்க்கும்.

ஆனால் இதற்கு மதிக்கத்தக்க ஓர் எதிராளி வேண்டும், உயிருள்ள ஒரு சர்ச்சை வேண்டும், இரண்டு பக்கமும் முகம் சுளிக்காமல் உட்காரும் மனம் வேண்டும். ஓர் இலைச்சாறு ஒரு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு எதிர்க்கட்சி எங்கே கிடைக்கும்? வாய்மொழித் தேர்வில் கிடைக்கும், ஆனால் அப்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே மாணவிக்கு நான் சொல்வது சேம்பர்லினின் மலிவான வடிவம். வளையம் வந்தால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்? சாற்றின் அமிலத்தன்மையா? ஆவியாகாமல் தங்கிவிட்ட கரைப்பானா? தட்டில் பாக்டீரியாவை மெல்லியதாகப் பரப்பிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கட்டுப்பாட்டு வில்லையோ தட்டோ வைத்தால் எதிராளிகள் தட்டுக்குள்ளேயே வந்துவிடுவார்கள்.

பல குழுக்களிடம் ஒரே தரவைக் கொடுத்துப் பார்ப்பது என்று இன்னொரு வழியும் உண்டு. கறுப்பு நிறக் கால்பந்து வீரர்களுக்கு நடுவர்கள் அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற கேள்வியோடு ஒரே தரவு 61 பகுப்பாய்வாளர்கள் அடங்கிய 29 குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. 20 குழுக்கள் ஆம் என்றன. ஒன்பது குழுக்களுக்குத் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. 2018-இல் வெளிவந்த இந்த ஆய்வு புள்ளியியலாளர்களைத் தூங்கவிடாது, ஆனால் 61 பகுப்பாய்வாளர்களை எந்தத் துறை கூட்ட முடியும்? இந்தத் தெரிவைப் பெரிய கூட்டமைப்புகளுக்கு விட்டுவிடலாம்.

ஆக, எதை எடுப்பது என்பது சார்பு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்தது. மனிதக் கண்ணும் கையும் எண்ணைத் தீர்மானிக்கும் வேலைகளில் மறைப்புக்கு முன் வேறெதுவும் நிற்காது: வளையம், முளைத்த விதை, நுண்ணோக்கியில் செல் எண்ணிக்கை, எலியின் நடத்தை, நோயாளியின் வலி. கருவி தானாக எண்ணைத் தரும், ஆனால் அதன்பின் எந்த மாறியைச் சேர்ப்பது எதை விடுவது என்று நூறு முடிவுகள் எடுக்க வேண்டும் என்றால், அதாவது கருத்துக்கணிப்பு, பொருளாதாரத் தரவு, மரபணுத் தரவு போன்றவை என்றால், வரிசையைத் திருப்பிவிடுவேன், முன்பதிவு முதலில். பத்து ஆண்டுகளாக ஒரே கோட்பாட்டைத் தூக்கிச் சுமக்கும் மூத்த பேராசிரியருக்கு இரண்டுமே போதாது, அவர் எதிராளிக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். எழுதுவாரா என்பது வேறு விஷயம்.

நம் மாணவிக்கு: எண்ணிட்ட தட்டுகள், உறை, இரண்டு பக்கத் திட்டம், கூடுதலாக மூன்று கட்டுப்பாட்டு வில்லைகள். அளந்த தாளில் தேதியும் கையெழுத்தும் போட்ட பிறகே உறையைத் திறக்க வேண்டும். திறந்தபின் முடிவு ஏமாற்றமாக இருந்தால் இரண்டு மூன்று தட்டுகளை மட்டும் மறுபடி அளந்து பார்க்கத் தோன்றும், கட்டாயம் தோன்றும். அளக்கலாம். ஆனால் எல்லாத் தட்டுகளையும் அளக்க வேண்டும், புதிய எண்களோடு, பட்டியலைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு.